தரம் ஒன்றில் ‘சேர்’ ஏன் இல்லை?

விடியற்காலையில் பரந்தன் சந்தியில் நின்றால், வன்னியின் பள்ளிக்கூடங்கள் எப்படித் திறக்கின்றன என்பதைக் கண்ணால் காணலாம். யாழ்ப்பாணப் பக்கமிருந்து ஏ9 வீதியால் வரும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். தோளில் பையும் கையில் சாப்பாட்டுப் பெட்டியுமாக, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி ஆசிரியைகள் இறங்குவார்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் போக வேண்டியவர்கள் முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். மற்றவர்கள் கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம் என்று தெற்கே போவார்கள். மாங்குளத்தில் இறங்கினால் கிழக்கே ஒட்டுசுட்டான், மேற்கே மல்லாவி, துணுக்காய். அதற்கப்பால் ஸ்கூட்டி, சைக்கிள், சில இடங்களில் நடை. ஏழரைக்கு மணி அடிப்பதற்குள் வகுப்பில் நிற்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் ஆண்களும் உண்டு. அவர்களில் பலர் போவது உயர்தரக் கணிதத்துக்கு, விஞ்ஞானத்துக்கு, உடற்கல்விக்கு, அதிபர் அலுவலகத்துக்கு. தரம் ஒன்று, இரண்டு என்று சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளுக்குள் நுழைகிற ஆண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் வாயிலேயே இது தெரியும். ஆரம்பப் பிரிவில் படிப்பிப்பவர் என்றால் அவர்களுக்கு ‘ரீச்சர்’. ‘சேர்’ என்றால் மேல்வகுப்புக்குப் படிப்பிப்பவர், அல்லது அதிபர், அல்லது விளையாட்டுப் போட்டியில் விசில் ஊதுபவர்.

நாடு முழுவதும் நிலை இதுதான். இலங்கையின் அரச பாடசாலை ஆசிரியர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். ஆரம்பப் பிரிவை மட்டும் பிரித்தெடுத்தால் பெண்களின் பங்கு நூற்றுக்கு 85ஐத் தாண்டுகிறது. தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை படிப்பிக்கும் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், அதில் பதினைந்து ஆண்கள்கூடத் தேறமாட்டார்கள்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் கணக்கு வேறு. 2019-20 கல்வியாண்டுக்கு இந்திய அரசு எடுத்த பள்ளிக் கணக்கெடுப்பின்படி, தொடக்கப் பள்ளி நிலையில் பெண் ஆசிரியர்கள் 19.6 இலட்சம் பேர், ஆண் ஆசிரியர்கள் 15.7 இலட்சம் பேர். நூற்றுக்கு 44 பேர் ஆண்கள். அங்கும் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்பு வரைதான். பிள்ளைகளின் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். இருந்தும் ஆண் ஆசிரியர்களின் பங்கில் ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவுதான். அந்தச் சின்னக் கடலுக்கு இரு கரையிலும் ஒரே தொழில் இவ்வளவு வேறுபட்ட முகத்தோடு இருப்பது எப்படி?

அதிகம் என்றால் நல்லதா?

இந்தியாவில் ஆண்கள் அதிகம், அங்கே நிலைமை மேல், இங்கே மோசம் என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். ஆனால் இந்தியாவின் அந்த 44ஐப் பிரித்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆசிரியர்களில் முக்கால் பங்கு அளவுக்குப் பெண்கள்; இலங்கையின் மொத்தக் கணக்குக்கு மிக அருகில். நாட்டின் சராசரியை ஆண்கள் பக்கம் இழுப்பவை பீகார் போன்ற வட மாநிலங்கள்.

2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கேரளப் பெண்களில் நூற்றுக்கு 92 பேர் எழுத்தறிந்தவர்கள். பீகாரில் அது ஏறத்தாழ 51. இரண்டு பெண்களில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் ஆசிரியையை எங்கே போய்த் தேடுவது? அங்கே கரும்பலகைக்கு முன் ஆண் நிற்பதற்குக் காரணம், அந்த வேலைக்கு வரக்கூடிய பெண்ணை முந்திய தலைமுறை பள்ளிக்கு அனுப்பாமல் விட்டதுதான்.

இதை இந்திய அரசே உணர்ந்து திருத்தப் பார்த்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த ‘கரும்பலகைத் திட்டம்’, ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாவது ஆசிரியரைக் கொடுக்கும்போது இயன்றவரை ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 1989இல் அரச வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை பெண்களையே ஆசிரியர்களாக நியமிப்பது என்ற முடிவும் அந்தக் காலத்துக் கருணாநிதி ஆட்சியோடு சேர்த்தே பேசப்படுகிறது. பீகாரில் பின்னாளில் தொடக்கப் பள்ளி நியமனங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அரசு மனம் வைத்தால் இந்த எண்கள் அசையும் என்பதற்கு இவை சாட்சி.

உலகப் படத்தை விரித்தாலும் இதே கோடுதான் ஓடுகிறது. உலகம் முழுவதும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். மேற்கு ஆபிரிக்காவின் டோகோ, லைபீரியா போன்ற நாடுகளில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். பெண் கல்வி நெடுங்காலம் பின்தங்கிக் கிடந்த நாடுகள் அவை. மறுமுனையில் ரஷ்யாவில் ஆரம்ப வகுப்புகளில் ஆணைக் காண்பதே அரிது. அமெரிக்காவில் நூற்றுக்கு 11, இங்கிலாந்தில் 14. ஜப்பானில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

வன்னியிலிருந்து புலம்பெயர்ந்து லண்டனில் வளரும் ஒரு பேரப்பிள்ளையும், விசுவமடுவில் வளரும் அதன் மச்சாளும் இந்த ஒரு விடயத்தில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கிறார்கள். இருவருக்கும் முதல் ஆசிரியர் அநேகமாக ஒரு பெண்.

ஆக, ஆண் ஆசிரியர்கள் நிறைந்திருப்பது பல இடங்களில் பெண் கல்வியின் பற்றாக்குறையைக் காட்டுகிறது. பெண்கள் படித்து முன்னேறிய இடங்களில் தராசு மறுபக்கம் சாய்கிறது. இலங்கை இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. பெண்கள் வந்தது வெற்றி. ஆண்கள் போனது ஏன் என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம்பியாரிலிருந்து ரீச்சர் வரை

ஒரு காலத்தில் படிப்பித்தல் முழுக்க ஆண்களின் தொழில். திண்ணையில் மணல் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவித்தவர் சட்டம்பியார். சின்னப் பிள்ளைக்குப் படிப்பிப்பது பெண்ணின் இயல்புக்கு ஏற்ற வேலை என்று அன்று யாரும் சொல்லவில்லை. ஏடு தொடக்கும் விஜயதசமி நாளில் இன்றும் பிள்ளையின் விரலைப் பிடிப்பவர் பல வீடுகளில் ஐயர் அல்லது தாத்தா. ஐந்து வயதுப் பிள்ளையை மடியில் இருத்தி எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆண் நமது மரபுக்கு அந்நியன் இல்லை.

மாற்றம் மெதுவாக வந்தது. அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபின் சைவப் பள்ளிகள் பெருகின. சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. பள்ளி இலவசமானதும் பெண்பிள்ளைகள் நிறையப் படித்தார்கள். பள்ளிகள் அரசின் கைக்குப் போனதும் ஆசிரியத் தொழில் ஓய்வூதியத்தோடு கூடிய அரச உத்தியோகமானது. படித்த பெண்ணுக்கு வீடும் ஊரும் மனமுவந்து சம்மதித்த முதல் உத்தியோகம் அதுவே.

வன்னிக்குள் இது இன்னும் பிந்தி வந்தது. இரணைமடுக் குளத்தை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய ஊர்களில் ஆரம்ப நாட்களில் பள்ளிக்கூடம் என்றால் ஒரு கொட்டில், ஒரு வாத்தியார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாத்தியார்மார் பலர் கிழமை நாட்களில் பள்ளி வளவிலோ பக்கத்து வீட்டிலோ தங்கிப் படிப்பித்தார்கள். பாம்பும் யானையும் மலேரியாவும் இருந்த இடத்துக்குத் தனியாகப் பெண்ணை அனுப்ப அன்றைய குடும்பங்கள் தயங்கின. இன்று அதே ஊர்களின் ஆரம்ப வகுப்புகளைப் பெண்களே தாங்குகிறார்கள்.

போர் எழுதிய கணக்கு

இந்த மாற்றத்தைப் போரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1995இல் யாழ் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோரில் பெரும் பகுதியினர் வன்னிக்குள் வந்தார்கள். 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது, 1998இல் மீண்டும் கைமாறியது, 2009 ஜனவரி 2இல் மறுபடியும் இராணுவத்திடம் போனது. ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடம் மரத்தடிக்குப் போனது. நியமனம் பெற்ற ஆசிரியர்கள் போதாத இடங்களில் உயர்தரம் முடித்த இளையோர் சொற்ப கொடுப்பனவுக்கோ கொடுப்பனவே இல்லாமலோ படிப்பித்தார்கள். ‘தொண்டர் ஆசிரியர்’ என்ற சொல் வடக்கில் ஒரு தலைமுறையின் அடையாளமாயிற்று. போர் முடிந்து பல வருடங்களுக்குப் பின்னரும் அவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்தார்கள். அந்தப் போராட்டங்களின் படங்களைப் பார்த்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

2009இல் மூன்று இலட்சத்துக்கு நெருங்கிய மக்கள் வவுனியா முகாம்களுக்குள் வந்தார்கள். வவுனியாவின் பாடசாலைகள் பலவே முகாம்களாயின. செட்டிகுளம் மெனிக்பாமில் கூடாரங்களுக்குள் வகுப்புகள் நடந்தன, படிப்பித்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டபோது மக்கள் திரும்பிப்போன ஊர்களில் பள்ளிக்குக் கூரை இருக்கவில்லை. பல வீடுகளில் தகப்பன் இருக்கவில்லை.

போரால் கணவரை இழந்த பெண்கள் வடக்கில் 40,000 பேர், கிழக்கில் 49,000 பேர் என்று 2010இல் அரசின் பிரதி அமைச்சர் ஒருவர் சொன்ன கணக்கு அப்போது பரவலாக வெளிவந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை 92,238, கிளிநொச்சியில் 113,510. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த இழப்பின் பாரம் விளங்கும். இறந்தவர்கள் போக, காணாமல் ஆக்கப்பட்டவர்கள், தடுப்பில் இருந்தவர்கள், பிழைப்புக்கு வெளிநாடு போனவர்கள் என்று ஆண்கள் இல்லாத வீடுகள் வேறும் இருந்தன.

அப்படியான வீட்டிலிருந்து ஒரு பிள்ளை முன்பள்ளிக்குப் போகிறது, அங்கே ஆசிரியை. தரம் ஒன்று முதல் ஐந்து வரை ஆசிரியை. புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடிக்கும்வரை, பத்து வயதுவரை, தன்னோடு நாள்தோறும் குந்தியிருந்து பேசி, கதை சொல்லி, மூக்குச் சிந்திவிட்டு, பிழையைப் பொறுமையாகத் திருத்திய ஒரு வளர்ந்த ஆணை அது பாராமலே வளரலாம். ஆண் ஆசிரியர் எண்ணிக்கை வன்னிக்கு வெறும் புள்ளிவிபரமாக இல்லாதது இதனால்தான்.

ஆண்கள் ஏன் வருவதில்லை?

முதல் காரணம் சம்பளம். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு 1997இலிருந்து இழுபட்டு வந்தது. 24 வருடங்களாகத் தீராத அந்தக் கோரிக்கைக்காக 2021இல் நாடெங்கும் ஆசிரியர்கள் மூன்று மாதங்களுக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். அடுத்த வருடமே பொருளாதார நெருக்கடி. எரிபொருள் வரிசைகளுக்கு நடுவே பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன; சம்பளத்தின் பெறுமதி வெகுவாகத் தேய்ந்தது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்ற சுற்றறிக்கையும் அப்போது வந்தது. குடும்பத்தைத் தாங்கும் முதன்மைப் பொறுப்பு ஆணுக்குத்தான் என்று நினைக்கும் சமூகத்தில், இந்தச் சம்பளத்தைப் பார்த்து ஓர் இளைஞன் பின்வாங்குவது வியப்பல்ல. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கணக்கு கொஞ்சம் மாறியது. மனக்கணக்கு மாற இன்னும் நாள் எடுக்கும்.

இரண்டாவது காரணம், பெண்களுக்கு மற்றக் கதவுகள் மூடியிருப்பது. இலங்கையில் உழைப்புச் சந்தையில் பங்கேற்கும் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆண்கள் பத்தில் ஏழு பேர். பல்கலைக்கழகத்துக்குள் போகிறவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் பெண்களாக இருந்தும் நிலைமை இது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 4.1 ஆக இருந்தபோது, முல்லைத்தீவில் 12.7, கிளிநொச்சியில் 18.2. அந்த ஆண்டில் நாட்டிலேயே உயர்ந்த வறுமை வீதம் கிளிநொச்சியினுடையது. தொழிற்சாலையும் கம்பனியும் குறைந்த இந்த மண்ணில் ஒரு பட்டதாரிப் பெண்ணுக்குக் கௌரவமான, பாதுகாப்பான, பிற்பகல் வீடு திரும்பக்கூடிய உத்தியோகம் என்றால் பள்ளிக்கூடம்தான். கலியாணப் பேச்சிலும் ‘பொம்பிளை ரீச்சர்’ என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. ‘மாப்பிள்ளை தரம் ஒன்றுக்குப் படிப்பிக்கிறார்’ என்று சொல்ல அதே வீடு தயங்கும்.

மூன்றாவது காரணம் பரீட்சைப் பெறுபேறு. ஆரம்பப் பிரிவு ஆசிரியராவதற்கு நேர் வழி தேசிய கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தோடு உருவான இந்தக் கல்லூரிகள் நாட்டில் 19 இருக்கின்றன. வன்னிக்குரியது வவுனியா பூந்தோட்டத்தில். இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுபயில்வு. நுழைவுக்கு அடிப்படை உயர்தரப் பெறுபேறு. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளை முந்திப் பல வருடங்களாகின்றன. கெட்டிக்கார ஆண்பிள்ளையைக் கணிதத்துக்கும் தொழினுட்பத்துக்கும் வீடு தள்ளிவிடுகிறது. இடையில் நிற்கும் பையன் பெறுபேற்றில் பின்தங்கி விடுகிறான். ஆரம்பக் கல்விப் பிரிவின் கதிரைகளைப் பெண்கள் நிரப்புவது இந்த வரிசையின் இயல்பான முடிவு.

நான்காவது, யாரும் சத்தமாகப் பேசாத காரணம்: சந்தேகம். சின்னப் பிள்ளைகளோடு, அதுவும் பெண்பிள்ளைகளோடு, ஓர் ஆணை விடலாமா என்ற பெற்றோரின் பயம். அந்தப் பயத்துக்கு நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. துஷ்பிரயோகச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு ஆணையும் சந்தேகக் கண்ணால் பார்க்கும்போது, நல்ல மனத்தோடு வருகிறவர்தான் முதலில் ஒதுங்கிப் போவார். கூடவே, ஆரம்பப் பிரிவுக்கு வரும் ஒன்றிரண்டு ஆண்களும் அங்கே நிலைப்பதில்லை. விளையாட்டுப் பொறுப்பு, ஒழுக்காற்றுப் பொறுப்பு, வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்வரும் வேலை என்று தொடங்கி, பலர் நிர்வாகப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். ஆசிரியர்களில் பெரும்பான்மை பெண்களாக இருக்கும் நாட்டில் அதிபர் கதிரையில் ஆண்களின் பங்கு இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண் இருந்தால் என்ன மாறும்?

புள்ளிகள் கூடுமா? ஜெர்மனியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணிதத்தையும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. ஆண் ஆசிரியரிடம் படித்த பையன்கள் அதனால் கூடுதலாக எதுவும் பெறவில்லை என்பதே அதன் முடிவு. நமக்கு அருகில் ஆந்திரக் கிராமப்புற அரசுப் பள்ளிகளின் ஐந்து வருடத் தரவுகளை வைத்துப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் கேத்கி சேத்தும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. ஆசிரியையிடம் படித்த பெண்பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள். அதே ஆசிரியையிடம் படித்த பையன்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

எனவே ‘பொம்பிளை ரீச்சர்மாரால்தான் பையன்கள் பின்தங்குகிறார்கள்’ என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. தரப்பாள் கூடாரத்திலும் மரத்தடியிலும் வன்னியின் எழுத்தறிவைக் காப்பாற்றிய பெண்களை அந்தப் பேச்சு அவமதிக்கிறது. ஆண்களைக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகப் பெண்களின் இடத்தைக் குறைக்கும் எந்த ஏற்பாடும் அநியாயம். பல வீடுகளில் அந்த ஆசிரியையின் சம்பளமே ஒரே வருமானம்.

‘பையன்களை அடக்க ஓர் ஆம்பிளை வேணும்’ என்ற இன்னொரு பேச்சும் உண்டு. இதுவும் பிழையான வாசல். பிரம்போடு நிற்கும் வாத்தியாரின் பழைய படத்தையே அது திரும்பக் கேட்கிறது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்லிவிட்டது. வெடிச்சத்தத்தையும் அதன் பின்னான மௌனத்தையும் பெற்றோரின் உடலில் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு, பயமுறுத்தும் இன்னோர் ஆண் தேவையில்லை.

தேவைப்படுவது அதற்கு நேர் எதிரானது. மென்மையாகப் பேசும் ஆண், பாடும் ஆண், களிமண் பிசையும் ஆண், அழுகிற பிள்ளையின் அருகில் குந்தியிருக்கும் ஆண். 1998இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றையும் வகுப்பறையின் வழியாக்கியது. தரம் ஒன்றின் முதல் கிழமைகள் பிள்ளையை இனங்காண்பதற்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பராமரிப்பும் படிப்பும் அங்கே ஒன்றோடொன்று பின்னியவை. அந்தப் பராமரிப்பை ஆணும் செய்வான் என்பதைப் பையனும் காண வேண்டும், பெண்பிள்ளையும் காண வேண்டும். புள்ளிப் பட்டியலில் ஏறாத அந்தப் பாடத்தை ஒரு ரீச்சர் எவ்வளவு முயன்றாலும் தனியாகக் கொடுக்க முடியாது.

வழி உண்டா?

அவசரப்பட்டு அதிசயம் எதிர்பார்க்கக் கூடாது. முன்பள்ளிப் பணியாளரில் ஆண்களை 20 சதவீதமாக்குவது என்று நோர்வே 1990களில் இலக்கு வைத்தது. பல வருட முயற்சிக்குப் பின் அது நூற்றுக்குப் பத்து அளவை எட்டியது. செல்வமும் மனமும் உள்ள நாட்டுக்கே அவ்வளவு காலம் எடுத்தது.

ஆனாலும் வன்னியில் செய்யக்கூடியவை கைக்கு எட்டாதவை அல்ல. முதலாவது, கேட்பது. உயர்தர வகுப்புகளில் தொழில் வழிகாட்டல் நடக்கும்போது பூந்தோட்டக் கல்லூரியின் ஆரம்பக் கல்விப் பாடநெறியைப் பையன்களுக்கும் ஒரு தெரிவாக எடுத்துச் சொல்லலாம். இரண்டாவது, கட்டுறுபயில்வுக்கு ஆண் பயிலுநரை அனுப்பும்போது தனியாக அனுப்பாமல், அனுபவமுள்ள ஓர் ஆசிரியையின் கீழ், முடிந்தால் இருவராக அனுப்பலாம். தனித்து நிற்பதன் கூச்சம் பாதி குறையும். மூன்றாவது, பெற்றோரின் பயத்துக்கு மழுப்பலான பதில் சொல்லாமல், திறந்த கதவு, வெளியிலிருந்து பார்க்கக்கூடிய வகுப்பறை, முறையிடத் தெளிவான வழி என்று எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவான விதிகளை எழுதி வைக்கலாம். அவை பிள்ளைகளையும் காக்கும், நேர்மையான ஆசிரியரையும் காக்கும்.

நான்காவது, தங்குமிடம். அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் ஒழுங்கான ஆசிரியர் விடுதி இருந்தால், விடிய நாலு மணிக்கு எழும்பிப் பஸ் பிடிக்கும் ஆசிரியையும் ஆறுதலடைவார், ஊரில் தங்கிப் படிப்பிக்க விரும்பும் இளைஞனும் வருவான். கஷ்டப் பிரதேச வருடங்களை எண்ணி முடித்துவிட்டு இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் வழக்கமும் தளரும். வன்னியின் சிறிய பாடசாலைகளில் ஓர் ஆசிரியர் போனால் ஒரு வகுப்பே வெறுமையாகிறது. அந்த ஊரிலேயே பிறந்த ஆணோ பெண்ணோ அந்த ஊருக்கே ஆசிரியரானால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது தொடர்ச்சி.

சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வன்னி இளைஞருக்கு மனமில்லை என்று சொல்ல முடியாது. பள்ளி விட்ட பிறகு ஊருக்குள் போய்ப் பார்த்தால் அது தெரியும். விளையாட்டுக் கழக மைதானத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பந்து பிடிக்கப் பழக்குகிறவன், ஞாயிறு அறநெறி வகுப்பில் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறவன், மாலையில் மாமரத்தடியில் பாய் விரித்து அயல் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வாய்ப்பாடு கேட்கிறவன், எல்லோரும் அந்த ஊர்ப் பெடியன்கள். சம்பளமில்லை, நியமனக் கடிதமில்லை. பிள்ளைகள் அவர்களை ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறார்கள். அடுத்த தடவை கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வரும்போது, அதை அந்த மைதானத்துக்கும் அந்த மாமரத்தடிக்கும் யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.